குறும்படச் சங்கம், நாகர்கோவில்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதாந்திரத் திரையிடல்கள் தடையின்றி நடந்தன. கோடை விடுமுறையில் மாணவர்களுக்கு ஒளிப்பதிவுப் பயிற்சி அளித்தோம்.

விழாக்களுக்குப் படம் அனுப்ப உதவிக் குழு எதற்கு, அவரவர் அனுப்பிக்கொள்ளக் கூடாதா என்று சென்ற பொதுக்குழுவில் கேட்டார்கள். அதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

திருவனந்தபுரம் நமக்கு ரயிலில் இரண்டு மணி நேரத் தூரம். கேரள மாநிலச் சலச்சித்திர அகாதமி 2008-இல் தொடங்கிய ஆவணப்பட, குறும்பட விழா அங்கேதான் நடக்கிறது. நம் படங்கள் ஓட வேண்டிய இடம் அது. விழாத் திரையிடலுக்குத் தணிக்கைச் சான்றிதழ் கட்டாயமில்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் விழாக் குழுவே விலக்கு வாங்கிக்கொள்ளும். இது தெரியாமலே சிலர் முடித்த படத்தை ஹார்ட் டிஸ்கில் பூட்டி வைத்திருந்தார்கள்.

ஒரு படம் தேர்வுக் குழு பார்க்காமலே கழிந்துபோக, அனுப்பிய லிங்க்கின் பாஸ்வேர்டை நடுவில் மாற்றினாலே போதும். முடிவு வரும்வரை அதைத் தொடக் கூடாது. யூடியூபில் ஏற்கெனவே வெளியிட்ட படத்தைப் பல விழாக்கள் ஏற்பதில்லை. விதிமுறையைப் படித்துவிட்டு வெளியிடுங்கள். சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்த்துவிட்டு ‘பத்து விநாடிதானே’ என்பது செல்லாது. இசையின் உரிமை வைத்திருப்பவரின் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். விழாக்களுக்கு விண்ணப்பிக்கும் இணையதளமான பிலிம்ஃப்ரீவேயில் கெடு நெருங்க நெருங்கக் கட்டணம் ஏறும். டாலரில் கட்ட வேண்டியிருந்தால், வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்கூட்டியே திறந்து வைக்க வேண்டும்.

அதிகம் சிக்கல் தருவது பிரேம் வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படச்சட்டங்கள் ஓடுகின்றன என்பது. செல்போன் காட்சிகளில் வேகம் ஒரே சீராக இருக்காது. அப்படியே எடிட்டிங்கில் போட்டால் போகப்போக உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் ஆகிவிடும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நொடிக்கு 25 பிரேமில் முடித்த 20 நிமிடப் படத்தை 24 பிரேம் டிசிபியாக (தியேட்டரில் ஓட்டுவதற்கான டிஜிட்டல் கோப்புத் தொகுப்பு) மாற்றி ஓடவிட்டால், அது 20 நிமிடம் 50 விநாடி நீளும். பழைய சப்டைட்டில் கோப்பை அதோடு இணைத்தால் கடைசிக் காட்சியில் எழுத்து 50 விநாடி முந்தி வந்து நிற்கும். ஆகவே முதல் நாள் படப்பிடிப்பிலேயே 24 என்று வைத்துவிடுவது நல்லது.

டிசிபி தயாரிக்க லேபுக்குப் பணம் கொட்ட வேண்டாம். டிசிபி-ஓ-மேட்டிக் என்ற மென்பொருள் இலவசம். படத்தின் அளவு 2கே ஃபிளாட் (வழக்கமான அகலத் திரை) என்றால் 1998×1080 பிக்சல், ஸ்கோப் (இன்னும் அகலமான திரை) என்றால் 2048×858. உருவான ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளின் பெயரை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு பெயர் மாறினாலும் கோப்புகளின் பட்டியலான அசெட்மேப் அதைக் கண்டுபிடிக்காது, தியேட்டர் சர்வர் படத்தை ஏற்காது. ஆங்கில சப்டைட்டில் இரண்டு வரிக்கு மேல் போக வேண்டாம்; வரிக்கு 42 எழுத்து போதும்.

சப்டைட்டில் சரிபார்க்கும் அமர்வுகளை ஞாயிறு மாலைகளில் வைத்தோம். அறிவிப்பு எல்லோருக்கும் போனது. வந்தவர்கள் எப்போதும் அதே நான்கைந்து பேர். வராத நண்பர்கள் கெடு முடியும் இரவில் முழுப் படத்தையும் அனுப்பி, ‘அண்ணே, இத மட்டும் பார்த்து ஏத்திருங்க’ என்றார்கள். இருபது நிமிட வசனத்தை ஒரு இரவில் ஒழுங்காகத் திருத்த யாராலும் முடியாது. படத்துக்காக மாதக்கணக்கில் உழைத்தவர் அதன் வசனத்துக்கு ஒரு மாலை ஒதுக்காதது எனக்கு மிகுந்த வருத்தம். சங்கத்தின் அட்டையில் நுழைவுக் கட்டணம் கட்டிக்கொண்டவர்களில் சிலர் இன்னும் அதைத் திருப்பித் தரவில்லை. ஆண்டுச் சந்தாவும் பாதிக்கு மேல் நிலுவை.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வைப்பார். திரையிடல் செலவை நன்கொடைகள் பெருமளவு ஈடுகட்டின. கையிருப்பு சில மாதங்களுக்குத் தாங்கும். அரங்கம் தந்த நூலகத்தாருக்கும், புரொஜெக்டர் கொடுத்து உதவிய உறுப்பினருக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் டிசிபிக்கென்று தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். விண்ணப்பங்களைக் கவனிக்க ஒருவரும், சப்டைட்டிலுக்கு இருவரும் பொறுப்பேற்றால்தான் இந்த உதவிக் குழு தொடரும். ஒரே ஆள் பார்க்கிற வேலை இல்லை இது. விருப்பமுள்ளவர்கள் இன்றே பெயர் தரலாம். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசலருகே இருப்பார்.