பகலில் டே கேர், ராத்திரியில் வீடு: வரிக்கு எந்தக் கணக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பெண்களும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தையல், மசாலாப் பொடி, பியூட்டி பார்லர் எல்லாம் சொன்னவர், வீட்டில் டே கேர் நடத்துகிற எங்களை மட்டும் விட்டுவிட்டார். அம்மாபேட்டையில் வாடகை வீட்டில் நடத்துகிறேன். ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறவர்கள், நர்ஸுகள், செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்குப் போகிறவர்கள்தான் பிள்ளைகளை விடுகிறார்கள்.

ஆயா சம்பளம், பொம்மை, டயபர் எல்லாம் தொழில் செலவு, அதில் தகராறு இல்லை. தொட்டில், குட்டி நாற்காலிகளுக்கு வருஷத்துக்கு 10 சதவீதம் தேய்மானம் எழுதலாம். வம்பு எல்லாம் வாடகையிலும் கரண்ட் பில்லிலும் அடுப்படியிலும்தான். ஒரே குக்கரில் வெந்த சாதத்தில் பாதி பருப்பும் நெய்யும் விட்டுக் குழந்தைகளுக்குப் பிசைந்தது, மீதி வீட்டுக்காரரின் டிபன் பாக்ஸில் போனது. எந்த மளிகைக்கடைக்காரர் இதற்குத் தனித்தனியாக பில் போடுவார்?

வீட்டில் ஒரு பகுதி தொழிலுக்குப் பயன்பட்டால் நியாயமான விகிதத்தில் செலவைக் கழிக்கலாம், விகிதத்தை அதிகாரி தீர்மானிப்பார் என்று வருமான வரிச் சட்டம் சொல்கிறது. முன்னறையை ஆபீஸாக ஒதுக்கிய வக்கீலுக்குச் சதுர அடி கணக்கு போட்டுவிடலாம், சரி. எங்கள் கூடத்தில் சாயந்திரம் வரை பிள்ளைகள் புரள்கிறார்கள், ராத்திரி அதே இடத்தில் நாங்கள் பாய் விரிக்கிறோம். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனாரும் இதே வேலைதான் செய்கிறார். அங்கே பொதுவாக, தொழிலுக்கு என்றே ஒதுக்கிய இடத்துக்குத்தான் வீட்டுச் செலவில் கழிவு உண்டு. ஆனால் மாநில விதிப்படி டே கேர் நடத்துகிறவர்களுக்கு மட்டும் அதில் விலக்கு. வீட்டில் எவ்வளவு இடம் என்பதோடு, வருஷத்தின் 8,760 மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் என்பதையும் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டில் 40 சதவீத இடம், மூன்றில் ஒரு பங்கு நேரம் என்றால் வாடகையில் சுமார் 13 சதவீதம் தொழில் செலவு. பிள்ளைகள் போன பிறகு கூட்டித் துடைக்கிற நேரம்கூட அதில் சேருமாம்! சாப்பாட்டுக்கும் ஒரு வேளைக்கு இவ்வளவு என்று அரசே நிர்ணயித்த தொகை உண்டு, மளிகை பில்லைத் தேடி அலைய வேண்டாம்.

நம் ஊரில் ஆடிட்டரிடம் கேட்டால், "உங்களுக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி, உத்தேச லாபக் கணக்கு போட்டுடலாம்" என்கிறார். அதாவது ரொக்கமாக வாங்கியதில் 8 சதவீதம், ஜிபே மாதிரி வந்ததில் 6 சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டால் போதும், செலவுக் கணக்கே வேண்டாம். புதிய வரி முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியும் இல்லை. அப்புறம் எதற்குப் புலம்புகிறாய் என்று கேட்பீர்கள். வருஷத்துக்கு ஐந்து லட்சம் கட்டணம் வாங்குகிறவர் 8 சதவீதம் காட்டினால் வருமானம் 40,000 ரூபாய். அந்தக் காகிதத்தோடு கடன் கேட்டுப் போனால் வங்கியில் உட்காரக்கூடச் சொல்ல மாட்டார்கள். அதைவிடக் கூட்டிக் காட்டலாம்தான், ஆனால் உண்மையான லாபம் இவ்வளவு என்று எதை வைத்துச் சொல்வது? வாடகையில் தொழிலின் பங்கு எவ்வளவு என்பதே தெரியாதே.

இன்னொரு கூத்தும் உண்டு. பழைய வரி முறையில் இருக்கும் பெற்றோருக்கு ப்ளே ஸ்கூல் கட்டணத்துக்கு வரிச் சலுகை உண்டு, டே கேர் கட்டணத்துக்குக் கிடையாது. ரைம்ஸ் சொல்லிக்கொடுத்தால் சலுகை, சோறூட்டித் தூங்க வைத்தால் இல்லை. ஆபீஸில் வரிக் கணக்குக்கு ரசீது கேட்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில், "ஸ்கூல் ஃபீஸ்னு எழுதிக் கொடுங்கக்கா" என்று வந்து நிற்பார்கள். நான் கொடுப்பதில்லை. அதற்காகக் கோபித்துக்கொண்டு ப்ளே ஸ்கூல் போர்டு மாட்டிய இடத்துக்குப் பிள்ளையை மாற்றியவர்களும் உண்டு.

வருமான வரித் துறை எங்களைப் போன்றவர்களுக்கு இடத்தையும் நேரத்தையும் சேர்த்து ஒரு விகிதம், சாப்பாட்டுக்கு ஒரு தொகை என்று விதி போட்டுக் கொடுக்கட்டும். அதுவரை, கூடத்து வாடகையில் எவ்வளவு எழுதினால் அதிகாரி ஒத்துக்கொள்வார் என்று உங்கள் கட்டுரையாளரையே ஒரு உதாரணக் கணக்கோடு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அம்மாபேட்டை, சேலம்.