சித்தப்பா, பின்தோட்டத்தைச் சுத்தம் செய்ய வேண்டாம்

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு பறவைகளைப் படமெடுக்கலாம் என்று முடிவு செய்திருப்பதாகவும், அதற்கு எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்டும் நீங்கள் அனுப்பிய செய்தியைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். ஆனால் அதே செய்தியின் கடைசி வரியில், தீபாவளிக்குள் ஆள் வைத்துப் பின்தோட்டத்தைச் சுத்தம் செய்து, சருகையெல்லாம் கொளுத்தி, பட்டுப்போன தென்னையை அடியோடு வெட்டிவிட்டு, பறவைகள் நன்றாகத் தெரியும்படி பாதித் தோட்டத்துக்குச் சிமென்ட் தளம் போடப்போவதாக எழுதியிருந்தீர்கள். கேமராவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அந்தக் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் எழுத வேண்டும். மடிப்பாக்கத்திலும் நங்கநல்லூரிலும் உங்களைப் போலவே தனி வீட்டையும் அதன் பின்னால் கொஞ்சம் மண்ணையும் காப்பாற்றி வைத்திருக்கிற பலர் மழைக்கு முன் இதையேதான் செய்கிறார்கள் என்பதால், எல்லோரும் படிக்கும்படியான கடிதமாகவே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு உங்கள் வீட்டுப் பின்பக்க அறையின் சன்னலிலிருந்து நான் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் வேடந்தாங்கலிலா எடுத்தாய்?" என்று கேட்டீர்கள். அவற்றுள் ஒன்றுகூட நீங்கள் அருமையாகப் பராமரிக்கும் முன்பக்கத்து ரோஜாத் தொட்டிகளின் நடுவே எடுத்ததில்லை. மாமரத்தடிச் சருகு, மதிலோரத்துப் புதர், பட்ட தென்னை, துணி காயப்போடும் கொடி ஆகிய இடங்களில்தான் ஏறக்குறைய எல்லாப் படங்களும் கிடைத்தன. பறவைக்கு இரையும் வேண்டும், மறைவும் வேண்டும். நம் கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரிகிற இடங்களில்தான் அவை இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. வெட்டவெளியாக்கிய தோட்டத்தில் பறவை நன்றாகத் தெரியத்தான் செய்யும், ஆனால் அங்கே வந்து நிற்கப்போவது பெரும்பாலும் காக்கையும் மாடப்புறாவும்தான்.

புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் சருகின் அருமை இன்னும் கூடுகிறது. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து முடித்த ஆறுமணிக்குருவிகள், குளிர்காலத்தைக் கழிப்பதற்காகத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இரவில் பறந்து வருகின்றன. வழியில் சென்னைக்கு மேலே விடிந்துவிட்டால், களைப்போடு கிடைத்த இடத்தில் இறங்க வேண்டியதுதான். கிண்டித் தேசியப் பூங்காவிலோ அடையாற்றுப் பிரம்மஞான சபை வளாகத்திலோ இறங்கியவற்றுக்கு மரநிழலும் சருகும் கிடைக்கின்றன. மொட்டைமாடியிலும் தெருவிலும் இறங்கியவற்றைக் காக்கைகள் கூட்டமாகத் துரத்திக் கொத்துகின்றன. பச்சை முதுகு, இறக்கையில் நீலம், கண்ணின் குறுக்கே அகலமான கறுப்புக் கோடு, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு என்று இத்தனை நிறங்கள் இருந்தும், மாமரத்து நிழலில் அசையாமல் நிற்கும் ஆறுமணிக்குருவியைக் கண்டுபிடிப்பது எளிதல்ல. அது அசையும் வரை காத்திருக்க வேண்டும். அலகால் ஒரு சருகைக் கவ்வி ஓரமாக எறிந்துவிட்டு, அடியில் நெளிகிற புழுவை எடுத்து விழுங்கி, இரண்டு தத்தல் தத்தி அடுத்த சருகுக்குப் போகும். குட்டை வால் மட்டும் மெல்ல மேலும் கீழும் அசைந்துகொண்டே இருக்கும். இதே பருவத்தில் சென்னைக்கு வருகிற செந்தலைப் பூங்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் கூட இப்படித் தரையில் சருகுக்கிடையேதான் இரை தேடுகின்றன. சருகைக் கொளுத்திவிட்டால் இம்மூன்றுக்கும் நம் தோட்டத்தில் இறங்குவதற்கு ஒரு காரணமும் இருக்காது. களைத்து விழுந்த குருவி எதையாவது நீங்கள் எப்போதாவது கண்டால், காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, தீனியோ தண்ணீரோ வாயில் புகட்டாமல், அமைதியான இடத்தில் வைத்திருந்து, தெளிந்ததும் புதரோரமாக விட்டுவிடுங்கள். காயம் இருந்தால் வேளச்சேரி புளூ கிராஸ் அருகில்தான் இருக்கிறது.

சித்திக்குப் பாம்பு பயம் இருப்பது எனக்குத் தெரியும். மடிப்பாக்கத்தில் அது வீண் பயமும் இல்லை. ஆகவே சமையலறைக் கதவிலிருந்து துவைக்கிற கல் வரையிலான நடைபாதையையும், வீட்டுச் சுவரை ஒட்டிய பகுதியையும் தினமும் பெருக்கி வெறுமையாக வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கிய சருகைப் பின்மதிலோரம் மாமரத்தடியிலேயே பரப்பிவிடலாம். உடைந்த ஓடு, செங்கல், பழைய மரச்சட்டம் ஆகியவற்றின் குவியலைக் கட்டாயம் அப்புறப்படுத்துங்கள், ஏனென்றால் எலியும் எலியைத் தேடிவரும் பாம்பும் தங்குவது அங்கேதான்.

தென்னையைப் பொறுத்தவரை உங்கள் முடிவில் பாதி எனக்கும் உடன்பாடு. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் மரங்களை என்ன பாடு படுத்தியது என்பதை நாம் பார்த்தோம். பட்டுப்போன மரம் வீட்டின்மேல் சாய்கிற நிலையில் நிற்கக் கூடாது. ஆனால் அடியோடு எடுக்க வேண்டியதில்லை. விழுந்தாலும் மதிலையோ வீட்டையோ தொடாத உயரத்துக்கு, பத்துப் பன்னிரண்டு அடி வரை, அடிமரத்தை மட்டும் விட்டுவைக்கலாம். பொன்முதுகு மரங்கொத்தி அந்த மரத்துக்கு வண்டுகளையும் புழுக்களையும் தேடி வருகிறது. மரம் உளுத்து மென்மையாகும்போது அதிலேயே பொந்து குடைந்து குஞ்சு பொரிக்கவும் கூடும். மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தை அடுத்துவரும் பருவங்களில் மைனாவும் பச்சைக்கிளியும் புள்ளி ஆந்தையும் போட்டி போட்டுக்கொண்டு எடுத்துக்கொள்ளும். நகரத்தில் பட்ட மரத்தை யாரும் நிற்க விடுவதில்லை என்பதால், இப்படி ஒரு அடிமரம் இருக்கிற வீட்டைப் பறவைகள் விடாமல் தேடி வருகின்றன.

ஒட்டடைக் கம்பையும் தோட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செடிகளுக்கிடையே தொங்கும் சிலந்தி நூல்தான் தையல்சிட்டுக்கும் தேன்சிட்டுக்கும் கட்டுமானப் பொருள். மதிலோரத்து நுணாச் செடியில் தையல்சிட்டு கட்டியிருந்த கூட்டை, குஞ்சுகள் பறந்துபோன பிறகு நீங்களும் பார்த்தீர்கள். இலைகளின் விளிம்புகளில் வரிசையாகத் துளையிட்டு, ஒவ்வொரு துளையிலும் பஞ்சு இழையையும் சிலந்தி நூலையும் கோத்து இழுத்திருந்தது. வெளிப்பக்கத்தில் இழையின் நுனி பிசிறாக விரிந்து நின்றதால் அது துளையை விட்டு உருவிக்கொண்டு வரவில்லை. தைத்த இலை காம்பிலிருந்து பிரியாமல் பச்சையாகவே இருப்பதால், பக்கத்தில் நின்றாலும் அதற்குள் ஒரு கூடு இருக்கிறது என்று தோன்றாது. அந்த நுணாவை யாரும் நடவில்லை, தானாக முளைத்தது. களை என்று ஆள் முதலில் பிடுங்கப்போவதும் அதைத்தான்.

துணிக்கொடியின் முனையில் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு கட்டும் கூட்டையும் ஆள் குப்பை என்று நினைத்து அறுத்துவிடக்கூடும். நார், மரப்பட்டைச் செதில், சருகுத் துணுக்கு, புழு எச்சம் எல்லாவற்றையும் சிலந்தி நூலால் ஒட்டிப் பெண் பறவை அதைத் தொங்கவிடுகிறது. காற்றில் வந்து மாட்டிக்கொண்ட குப்பையைப் போன்ற தோற்றம்தான் அதற்குப் பாதுகாப்பு. பக்கவாட்டில் உள்ள வாசலுக்கு மேலே சிறிய தாழ்வாரமும் வைத்திருக்கும். அந்தக் கொடியில் கூடு இருக்கும் வாரங்களில் சித்தி மாடியில் துணி உலர்த்தினால் போதும்.

கூட்டைப் படமெடுப்பது பற்றி உங்களிடம் கண்டிப்பாகவே சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் புதிதாகக் கேமரா வாங்குகிற எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற ஆசை அதுதான். கூட்டுக்கு அருகே போய் நிற்க வேண்டாம். மறைக்கிற இலையை ஒதுக்கவோ கட்டிவைக்கவோ கிள்ளவோ வேண்டாம். ஃபிளாஷ் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். சென்னை வெயிலில் குஞ்சுகளைக் காப்பது அந்த ஒற்றை இலையின் நிழலாக இருக்கலாம். மனிதர்களைப் பார்த்துப் பார்த்தே பிழைக்கிற பறவை காக்கை. ஒருவர் ஒரே செடியருகே அடிக்கடி போய் நிற்பது அதன் கண்ணுக்குத் தப்பாது. நாம் வழிகாட்டியது போல வந்து, வால்காக்கையும் காக்கையும் முட்டையையும் குஞ்சையும் எடுத்துச் சென்றுவிடும். இயற்கைப் படங்களுக்கான போட்டிகள் பலவற்றில் இப்போது கூட்டுப் படங்களை ஏற்பதில்லை, அது சரியான முடிவு. குஞ்சு கூட்டை விட்டு வெளியே வந்து கிளையில் உட்கார்ந்து தாயிடம் வாய் திறக்கும் நாள் வரும். அன்று சன்னலிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் எடுங்கள்.

தோட்டத்தில் புதிதாக ஏதாவது சேர்க்க வேண்டும் என்றால் தண்ணீர் வையுங்கள். இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாத மண் தட்டு, நடுவில் ஒரு கல், பறந்து ஒளிந்துகொள்ள அருகில் ஒரு புதர் ஆகியவை போதும். கொண்டைக்குருவியும், கூட்டமாக வந்து கத்தித் தீர்க்கும் தவிட்டுக்குருவிகளும் சித்திரை வெயிலில் அதில் குளிப்பதைப் பார்த்தால் நீங்கள் மதியத் தூக்கத்தையே விட்டுவிடுவீர்கள். கொசு முட்டை பொரித்துப் பறக்கும் பருவத்தை அடைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. தினமும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் டெங்கு பயமில்லை. சித்தி காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் பின்தோட்டத்து மதிலில் வைக்காமல் முன்பக்க மொட்டைமாடியில் வைத்தால், பின்னால் கூடு கட்டும் சிறு பறவைகளுக்கு அது பெரிய உதவி.

இனி கேமரா. முதலில் பைனாகுலர் ஒன்று வாங்குங்கள் என்பேன். 8×42 என்று குறிப்பிட்டிருப்பது உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும்: எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர் விட்டம் கொண்டிருப்பதால் மரநிழலின் மங்கலிலும் தெளிவாகத் தெரியும். எந்தப் பறவை எந்தக் கிளையில் எத்தனை மணிக்கு வந்து உட்காருகிறது என்பதைப் பைனாகுலரால் சில வாரங்கள் பார்த்து வைத்துக்கொண்டவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். கேமராவில், லென்ஸ் மாற்றத் தேவையில்லாத நீள ஜூம் கொண்ட பிரிட்ஜ் கேமராவே தொடக்கத்துக்குப் போதுமானது, எடையும் குறைவு. மாமரத்தடி இருட்டில் தரம் குறையாமல் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் பிறகு வந்தால், லென்ஸ் மாற்றும் கேமராவையும் 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸையும் பற்றி யோசிக்கலாம். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 500இல் ஒரு பங்கு, பூவின்முன் சிறகடிக்கும் தேன்சிட்டுக்கு 2000இல் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டு, கேமராவின் ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ எண் உயர்வதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். படத்தில் புள்ளி தெறிப்பதைக் கொஞ்சம் சரிசெய்யலாம், அசைந்து கலங்கிய படத்தைச் சரிசெய்ய வழியில்லை. முருங்கையின் உச்சியில் வெள்ளை வானத்துக்கு எதிராக உட்கார்ந்த பறவை வெறும் கறுப்பு நிழலாகத்தான் பதிவாகும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதிவாகும் வெளிச்சத்தின் அளவை, ஒரு படி கூட்டுங்கள், அல்லது அது கீழ்க்கிளைக்கு இறங்கும் வரை பொறுத்திருங்கள். நானாக இருந்தால் பொறுத்திருப்பேன்.

படமெடுக்கத் தோட்டத்துக்குள் இறங்கவே வேண்டாம். பின்பக்க அறையின் சன்னலில் பாதித் திரையை இழுத்துவிட்டு, அரிசி நிரப்பிய துணிப்பையைச் சன்னல் விளிம்பில் வைத்து, அதன்மேல் கேமராவைச் சாய்த்துக்கொள்ளுங்கள். கை நடுங்காது, பறவையும் உங்களைப் பொருட்படுத்தாது. அந்த அறையில் இரவில் ஏசி ஓடுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம். குளிர்ந்த லென்ஸைச் சென்னையின் காலைக் காற்றில் நீட்டினால் அடுத்த நொடியே பனி படர்ந்துவிடும், விடியலின் நல்ல வெளிச்சம் அது உலர்வதற்குள் போய்விடும். இரவில் கேமரா ஏசி இல்லாத கூடத்தில் இருக்கட்டும். ஈரக்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்காமலிருக்க, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்துவிடுங்கள்.

மயிலாப்பூரில் வாழ்ந்த மா. கிருஷ்ணன் (1912–1996) யானைகளைப் படமெடுக்கக் காடு காடாக அலைந்தவர். ஆனாலும் சென்னை வீட்டைச் சுற்றித் திரியும் காக்கையையும் அணிலையும் பற்றி அதே அக்கறையோடு எழுதினார். நீங்களும் பார்க்கிற பறவைகளைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் குறித்து, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்திலும் பதிவு செய்யுங்கள். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. பிப்ரவரியில் உலகெங்கும் நடைபெறும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பிலும் 2013 முதல் இந்தியர்கள் பங்கேற்று வருகிறார்கள். வீட்டுத் தோட்டத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணினாலே அதில் சேரலாம்.

இந்த வாரம் ஆள் வந்தால் முன்பக்கத்தையும் நடைபாதையையும் மட்டும் பெருக்கச் சொல்லுங்கள். சிமென்ட் தளத்துக்கு முன்பணம் கொடுத்திருந்தால் அதை முன்வாசலுக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று மேஸ்திரியிடம் கேட்டுப் பாருங்கள். தென்னையில் கைவைக்கும் நாளை எனக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். பொந்தில் எதுவும் இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, எந்த உயரத்தில் நிறுத்துவது என்று மரம் வெட்டுபவரிடம் நானே நேரில் சொல்லிவிடுகிறேன். என் பைனாகுலரையும் கொண்டுவருகிறேன், கண்ணுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு நீங்கள் புதியது வாங்கலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்