நூலாய்ப் போன நாற்றுகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. மாடிப்படியை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஒதுக்கி வை. இங்கே எல்லாரும் சௌக்கியம். மகள் வேலை மாறிப் போன பிறகு வீடு ரொம்பவே அமைதி. அவள் அறைதான் இப்போது என் நாற்றங்கால்.

முட்டைக்கோஸ் விதை வாங்கி வைத்திருப்பதாகவும் வீட்டுக்குள் நாற்று விடலாமா என்றும் கேட்டிருந்தாய். தாராளமாக விடலாம். ஆனால் என் முதல் நாற்றுத் தட்டு என்ன ஆனது என்பதை முதலில் கேள்.

வீட்டிலேயே வெளிச்சமான ஜன்னலாகப் பார்த்து வைத்தேன். ஐந்தாம் நாளே முளைத்துவிட்டது. பத்தாம் நாள் விரல் நீளம்! பார்ப்பவரிடமெல்லாம் பெருமை பேசினேன். அது வளர்ச்சியே இல்லை, வெளிச்சம் தேடி நீண்ட தவிப்பு என்று அப்புறம்தான் புரிந்தது. தண்டு நூல் மாதிரி, எல்லாம் கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நின்றன. போதாக்குறைக்கு, நான் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக் கொஞ்சினேன். ஒரு நாள் எழுந்து பார்த்தால் பாதி நாற்றுகள் மண்மட்டத்தில் கருத்துச் சுருங்கிப் படுத்துக் கிடந்தன. நாற்றழுகல். மண்ணில் இருக்கும் பூஞ்சை வகைகளின் வேலை. அவற்றுக்கு விருந்து வைத்தது என் ஈரக் கைதான்.

நம் கண்ணை நம்பக்கூடாது, அதுதான் விஷயம். அறை வெளிச்சத்துக்கு ஏற்பக் கண் தன்னைச் சரிசெய்துகொள்வதால் ஜன்னலோரம் பளிச்சென்று தெரிகிறது. வெளியே மரநிழலில் இருக்கும் வெளிச்சம்கூடப் பெரும்பாலும் அங்கே இருக்காது. இரண்டாம் தட்டுக்குச் சாதாரண வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டேன். இலைக்கு மேலே 5 முதல் 10 செ.மீ. உயரம், நாற்று வளர வளர விளக்கும் ஏறும். தினம் 14 முதல் 16 மணி நேரம் எரியட்டும், இரவில் அணைத்துவிடு. இலை உயரத்தில் புறங்கையை வைத்துப் பார், சுட்டால் விளக்கைக் கொஞ்சம் தூக்கு.

சூட்டிலும் நான் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். முளைக்கும் வரை 20 முதல் 25 டிகிரி நல்லதுதான். முளைத்த பின் முட்டைக்கோஸ் குடும்பத்துக்குக் குளுமைதான் பிடிக்கும். 15 முதல் 18 டிகிரி கிடைத்தால் குட்டையாக, கட்டையாக வரும். தட்டை மூடி வைத்திருந்தால், முளை தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிடு. தண்ணீரை மேலே ஊற்றாமல் அடித்தட்டில் ஊற்றி, அரைமணி நேரத்தில் மிச்சத்தைக் கொட்டிவிடு. மண்ணின் மேற்பரப்பு வெளுத்த பிறகு மறுபடி ஊற்றினால் போதும். ஒரு சின்ன மின்விசிறி மெதுவாக ஓடட்டும். காற்றில் ஆடி ஆடித்தான் தண்டு உரமேறுகிறது.

விதையை 1 செ.மீ. ஆழத்தில், தட்டின் ஒவ்வொரு குழிக்கும் இரண்டாகப் போடு. இரண்டும் முளைத்தால் ஒன்றைக் கத்தரிக்கோலால் வெட்டு. பிடுங்கினால் பக்கத்து வேரும் கிளம்பும். வெட்டுவதற்கு மனசு வராது, தெரியும். வெட்டியதை வாயில் போட்டுப் பார், கடுகுக் காரம் லேசாகத் தெரியும். கடுகும் இந்தக் குடும்பம்தானே.

பெயர் எழுதி வைக்க மறக்காதே. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி, நூல்கோல் எல்லாமே ஒரே இனம், பிராசிகா ஒலரேசியா. முளைக்கும்போது எல்லாவற்றுக்கும் முதலில் விரியும் விதையிலை இதய வடிவம்தான். நான் பேனாவில் எழுதியது ஈரத்தில் கரைந்துபோய், எது என்னவென்று தெரியாமலே நட்டேன். நீ பென்சிலில் எழுது.

நாற்று கொஞ்சம் நீண்டுவிட்டால் தூக்கி எறியாதே. தொட்டி மாற்றும்போது விதையிலை வரை மண்ணில் இறக்கி நடு, நிமிர்ந்துகொள்ளும். நான்கிலிருந்து ஆறு வாரத்தில் தோட்டத்துக்கு அனுப்பிவிட வேண்டும். முக்கியமாகக் காலிஃபிளவர்: குழியில் வேர் சுற்றிக்கொண்டு ஏங்கினால், பின்னால் பொத்தான் அளவுக்குப் பூ வைத்து ஏமாற்றும். என்னுடையவற்றில் மூன்று அப்படிப் போயின.

நடுவதற்கு முன்னால் ஒரு வாரம், பத்து நாள் வெளியே பழக்கு. முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் போதும். அந்த நாட்களிலேயே வெள்ளைப் பட்டாம்பூச்சி மோப்பம் பிடித்து வந்துவிடும். இலையின் அடிப்பக்கம் மஞ்சளாக முட்டை இருந்தால் விரலால் நசுக்கிவிடு.

உன் விதைப் பொட்டலத்தில் என்ன தேதி போட்டிருக்கிறது? உலர்ந்த, குளிர்ந்த இடத்தில் இருந்திருந்தால் நான்கு வருடம் வரைகூடத் தாங்கும். பழையதாக இருந்தால் ஈரத் துணியில் பத்து விதையை மடித்து வைத்து எத்தனை முளைக்கிறது என்று எண்ணிப் பார்த்து எழுது. சரியில்லை என்றால் என்னிடம் மீதி இருப்பதில் பாதியை அனுப்புகிறேன். ஆனால் அது முட்டைக்கோஸா நூல்கோலா என்று மட்டும் கேட்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்