மூத்த கிற்றார்க் கலைஞருக்குக் கதிரை போடுங்கள்: கொழும்பின் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கொழும்பில் இசைநிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்வோர், மண்டபப் பொறுப்பாளர்கள், ஒலியமைப்பாளர்கள், அனுசரணை வழங்குவோர் ஆகிய அனைவருக்கும்,

வணக்கம்.

எழுபது வயதைக் கடந்த ரொக் கிற்றார்க் கலைஞர்களை நீங்கள் அவ்வப்போது மேடைக்கு அழைக்கிறீர்கள். அதற்கு முதலில் என் நன்றி. ஆனால் அழைத்தபின் அவர்களை நடத்தும் முறை அவர்களுடைய வாசிப்பைக் கேட்பதற்கு உதவுவதாக இல்லை. இருபத்தைந்து வயதுக்காரருக்கென்று அமைத்த மேடையில், அதே சத்தத்தில், அதே நள்ளிரவு வேளையில் ஒரு முதியவரை நிறுத்திவைத்துவிட்டு, அவர் பழையபடி வாசிக்கவில்லையே என்று சபையோர் கவலையோடு வீடு திரும்பும்படி செய்துவிடுகிறீர்கள். முதுமையில் வரும் வாசிப்பு தனியானது. அதைக் கேட்பதற்குத் தனியான ஏற்பாடு தேவை. அந்த ஏற்பாட்டைச் செய்து தாருங்கள் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் இளையோருக்குக் கிற்றார் கற்பிப்பது என் தொழில். கடந்த ஆண்டு நகரின் பெரிய மண்டபமொன்றில் நடந்த நிகழ்ச்சிக்கு என் மாணவர் சிலரையும் கூட்டிச் சென்றேன். 1970களில் கொழும்பு ஹோட்டல்களில் வாசித்துப் பெயரெடுத்த ஒரு தமிழ்க் கலைஞர், நீண்ட இடைவெளிக்குப்பின் அன்று மேடையேறுவதாக இருந்தது. நுழைவுச்சீட்டில் ஏழு மணி என்று போட்டிருந்தார்கள். அவர் மேடைக்கு வந்தபோது பதினொரு மணி கடந்திருந்தது. பேருந்தை நம்பி வந்தவர்கள் அதற்குள் எழுந்து போய்விட்டார்கள். அறிவிப்பாளர் அவருடைய வயதைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். பின்னர் பொன்னாடை, மாலை, ஞாபகச்சின்னம், அனுசரணையாளரின் உரை என்று நேரம் போயிற்று. அத்தனையையும் அவர் தோளில் கிற்றாரைச் சுமந்தபடி நின்றே ஏற்றுக்கொண்டார். ஓரளவு கனமான எலெக்ட்ரிக் கிற்றார் நான்கு கிலோ இருக்கும். அந்தப் பாரம் முழுவதும் ஒரு தோள்மீது நிற்கும்போது, வாசிக்கத் தொடங்குமுன்பே கழுத்தும் கையும் இறுகிவிடும்.

பின்னாலிருந்த பெரிய திரையில் விளம்பரமும் அவருடைய இளமைக்காலப் புகைப்படங்களும் மாறிமாறி ஓடின. அவருடைய கைகளை அந்தத் திரை ஒரு தடவையேனும் காட்டவில்லை. முன்வரிசைக்கு அருகில் இருந்ததால் நான் அவற்றைப் பார்த்தேன். வலது சுட்டுவிரல் மடங்க மறுப்பதால் தந்தியைத் தட்டும் சிறு தகடான பிக்கைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்திருந்தார். இடது மோதிரவிரலால் தந்தியைத் தள்ளி வளைக்கும்போது, அதன் பின்னால் மற்ற இரண்டு விரல்களையும் சேர்த்து முட்டுக் கொடுத்தார். மெல்லிய தந்திகளைப் பூட்டி, முழுக் கிற்றாரையும் அரைச்சுரம் இறக்கிச் சுருதி சேர்த்திருந்தார். அப்படிச் செய்தால் தந்தியின் இழுவிசை தளர்ந்து, மூட்டுவலியுள்ள விரலுக்கு வேலை இலகுவாகும். ஒரு காலத்தில் எட்டுச் சுரங்களை ஓடவிட்ட இடத்தில் இப்போது இரண்டை மட்டும் வைத்தார். அதிலும் இரண்டாவதைத் தட்டும்போது வொல்யூம் குமிழை முழுவதும் அடைத்துவிட்டு, பின்னர் சின்னவிரலால் அதை மெல்லத் திருப்பி, தந்தி தட்டப்பட்ட ஓசையே தெரியாமல் சுரம் மட்டும் எழும்பி வரும்படி செய்தார். எழுபது வயதுக் கைகள் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. என் மாணவர்களில் எவரும் இன்னும் அதைச் செய்ய மாட்டார்கள்.

அந்தச் சுரம் சபைக்குக் கேட்கவில்லை. ட்ரம்ஸும் பேஸும் அதை முழுமையாக மூடிவிட்டன. வாசிப்பவர் தம் வாசிப்பைத் தாமே கேட்பதற்கான மொனிற்றர் ஸ்பீக்கர் அவருடைய காலடியில் இருந்தும் அதில் அவருடைய கிற்றார் வரவில்லை என்பதை, அவர் பலமுறை ஒலியமைப்பாளர் பக்கம் திரும்பிக் கைகாட்டியதிலிருந்து விளங்கிக்கொண்டேன். மூன்று பாட்டுகளோடு நிகழ்ச்சி முடிந்தது. வெளியே வந்தபோது பலர் 'பாவம், வயது போய்விட்டது' என்று பேசிக்கொண்டார்கள்.

சில வாரங்களின் பின் அதே கலைஞர் பம்பலப்பிட்டியில் ஒரு சிறிய மண்டபத்தில் நண்பர்களின் அழைப்பில் வாசித்தார். மாலை ஆறு மணி. கைப்பிடியில்லாத ஒரு மரக் கதிரை, பாதத்தை உயர்த்தி வைக்க ஒரு சிறு பலகை, பின்னால் ஒரு சிறிய அம்ப்ளிஃபயர். ட்ரம்ஸ் வாசித்த இளைஞர் குச்சிகளைத் தவிர்த்து, மெல்லிய ஓசை தரும் பிரஷ் எடுத்துக்கொண்டார். பாட்டுகளுக்கிடையே கலைஞர் விரல்களை நீவிக்கொண்டே பேசினார். இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்த 1970 முதல் 1977 வரையான ஆண்டுகளில் கிற்றார்த் தந்தி கிடைக்காமல், மங்கிப்போன தந்தியைக் கழற்றி வெந்நீரில் அவித்து மீண்டும் பூட்டியதையும், 1983 ஆடிக் கலவரத்தின் பின் தம்மோடு வாசித்தவர்கள் ஒவ்வொருவராக லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போனதையும் சொன்னார். அந்தப் பேச்சு அவருடைய விரல்களுக்கு ஓய்வாகவும் எங்களுக்கு அந்தக் காலத்தின் வரலாறாகவும் இருந்தது. பிறகு பெரிய மண்டபத்தில் காணாமற்போன அதே சுரத்தை மறுபடி வாசித்தார். இம்முறை அது எழும்பியதும், நின்றதும், அடங்கியதும் கடைசி வரிசைவரை கேட்டன. ஏறக்குறைய ஒன்றரை மணிநேரம் வாசித்தார்; களைப்பு தெரியவேயில்லை.

ஆளும் அவரே, கைகளும் அவையே. மாறியிருந்தவை கதிரை, நேரம், சத்தம் ஆகியவை. அந்த மூன்றும் உங்கள் பொறுப்பில் உள்ளவை.

கதிரையில் அமர்ந்து வாசிப்பதை ரொக் இசைக்கு ஒவ்வாததாகச் சிலர் நினைக்கிறார்கள். நிற்பதில்தான் வேகமும் கம்பீரமும் உண்டென்ற அந்த எண்ணத்தை அந்த இசையின் மூத்தவர்களே கைவிட்டுப் பல காலமாயிற்று. ரொக் கிற்றாரின் வேர்களில் ஒருவரான பி.பி. கிங் தம் எண்பதுகளில் அமர்ந்தே வாசித்தார், பாட்டுகளுக்கிடையே நிறையப் பேசினார். 2015இல் காலமாவதற்கு முந்தைய ஆண்டுவரை மேடையில் இருந்தார். ஆங்கில ரொக் கிற்றார்க் கலைஞர் எரிக் கிளப்டன் நரம்புக் கோளாறினால் வாசிப்பது கடினமாகிவிட்டதை 2016இல் வெளிப்படையாகச் சொன்னார். அதன் பின்னும் வாசிக்கிறார். அவருடைய நிகழ்ச்சிகளில் அமர்ந்து அக்கூஸ்ரிக் கிற்றார் வாசிக்கும் ஒரு பகுதி வழக்கமாக இருக்கிறது. அமெரிக்கக் கிற்றார்க் கலைஞர் லெஸ் போல் மூட்டுவாதம் விரல்களை முடக்கிய பின்னரும் நியூயோர்க்கின் சிறிய கிளப் ஒன்றில் திங்கள் இரவுகளில் வாசித்துவந்தார். 2009இல் இறந்தபோது அவருக்கு வயது 94. அந்தச் சிறிய அறையும், வாரந்தோறும் தவறாத அந்த நாளும் இல்லாதிருந்தால் அவர் அத்தனை காலம் வாசித்திருப்பாரா என்பது சந்தேகமே.

2025 ஜூலை 5ஆம் திகதி இங்கிலாந்தின் பர்மிங்காமில் நடந்த, பிளாக் சபத் என்ற ரொக் இசைக்குழுவின் இறுதி நிகழ்ச்சியையும் நினைத்துப் பாருங்கள். பார்க்கின்சன் நோயினால் நிற்க முடியாதிருந்த பாடகர் ஓசி ஒஸ்போர்னுக்குச் சிம்மாசனம் போன்ற கதிரையொன்றை மேடையில் அமைத்தார்கள். அவர் அமர்ந்தபடியே பாடினார். அவருக்கு அருகில் கிற்றார் வாசித்த ரொனி அயோமிக்கு அப்போது 77 வயது. பதினேழு வயதில் தொழிற்சாலையில் இரண்டு விரல்களின் நுனிகளை இழந்த அயோமி, பிளாஸ்ரிக்கை உருக்கித் தாமே விரல் உறை செய்து, மெல்லிய தந்தியைப் பூட்டி, பின்னர் சுருதியையும் இறக்கினார். ஹெவி மெட்டல் என்று உலகம் இன்று அறியும் கனத்த ஒலிக்கு அந்தக் காயமும் ஒரு காரணம். உடலின் குறைக்கு வழி தேடியே இந்த இசை வளர்ந்திருக்கும்போது, முதியவர் ஒருவர் அமர்ந்தால் அதன் மரியாதை குறைந்துவிடும் என்று அஞ்சுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நம் தமிழ்ச் சபைகளுக்கு இது புதியதும் இல்லை. தொண்ணூறு வயதை எட்டிய கர்நாடக இசைப் பாடகர் செம்மங்குடி ஸ்ரீநிவாச ஐயர் பாடியபோது குரல் உடைந்திருந்தது என்று ரசிகர் எழுந்து போகவில்லை; அந்தக் குரலில் ராகம் எப்படி நடக்கிறது என்பதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கச்சேரி கேட்டு வளர்ந்த அதே காதுகள் ஒரு கிற்றார்க் கலைஞருக்கு முன்னால் வந்ததும் வேகத்தை மட்டும் எதிர்பார்ப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆங்கில ரொக் கிற்றார்க் கலைஞர் ஜெஃப் பெக் பிக்கைக் கைவிட்டு வெறும் விரல்களாலும் குமிழாலும், சுரத்தை ஏற்றியிறக்க உதவும் கிற்றாரின் அசைகோலாலும் ஒரு சுரத்தைக் குரல் போலப் பாடவைத்தார். 2022வரை, தம் 78ஆம் வயதிலும், அப்படித்தான் மேடையில் வாசித்தார். அவரைக் கேட்கப் போனவர்கள் விரலோட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

ஒலியமைப்பாளர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனெனில் என் கருத்தில் பெரும்பாலான கேடு உங்கள் மேசையில்தான் நிகழ்கிறது. நிகழ்ச்சி அரங்குகளில் பதினைந்து நிமிட சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 2022இல் வகுத்தது. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்காகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். சபையோரின் செவிகளுக்கு அந்த வரம்பு போதுமென்றாலும், முதிய கலைஞருக்கு அதைவிடக் கணிசமாகக் குறைந்த அளவே ஏற்றது. அவருடைய தலைமுறை செவிப்பாதுகாப்பு இல்லாமல் பெரிய அம்ப்ளிஃபயர்களுக்கு முன்னால் நின்று வாசித்த தலைமுறை. த ஹூ குழுவின் கிற்றார்க் கலைஞர் பீட் டவுன்ஷெண்ட், கிளப்டன், பெக் ஆகியோர் ஓயாத காதிரைச்சல் பற்றிப் பேசியிருக்கிறார்கள். சத்தம் கூடக்கூட அவர்களுக்குத் தம்முடைய வாசிப்பே கேட்காமற் போகிறது. மேலும், வால்வ் அம்ப்ளிஃபயரோடு வாசிக்கையில் கிற்றாரின் வொல்யூம் குமிழைக் குறைக்கும்போது ஒலியின் சொரசொரப்பு நீங்கித் தெளிவு வரும், கூட்டும்போது மீண்டும் கரகரப்பு ஏறும். அனுபவம் மிக்க கை அந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டே பேசுகிறது. நீங்கள் எல்லாவற்றையும் ஒரே உச்சத்தில் நிறுத்தினால் அந்தப் பேச்சு போய்விடும். முழுமையான ஒரு சௌண்ட் செக்கை, அதாவது ஒலிச் சோதனையை, மாலையிலேயே கலைஞரோடு செய்யுங்கள். மொனிற்றரில் முதலில் அவருடைய கிற்றாரை வையுங்கள், மற்றவை பிறகு வரட்டும்.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். 2022 ஜூலையில் ரொக் கிற்றார்க் கலைஞர் கார்லோஸ் சந்தானா, அப்போது 74 வயது, அமெரிக்காவில் திறந்தவெளி நிகழ்ச்சியொன்றின் நடுவே மயங்கி விழுந்தார். வெப்பக் களைப்பும் நீரிழப்புமே காரணம். கொழும்பின் புழுக்கத்தில், மேடை விளக்குகளுக்குக் கீழே, கோட் அணிவித்து நிறுத்தப்படும் முதியவருக்கு ஒரு மின்விசிறியும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் வைப்பது யாருக்கும் பெரிய செலவாகாது.

மண்டபத் தெரிவைப் பற்றிச் சுருக்கமாக: பிரமாண்டமான அரங்குகளும் கடற்கரைத் திறந்தவெளிகளும் இதற்கு வேண்டாம். லயனல் வென்ட் அரங்கு அளவிலான, கைகள் கண்ணுக்குத் தெரியும் மண்டபமே பொருத்தம். பெரிய இடந்தான் வேண்டுமென்றால் ஒரு கமராவை அவருடைய கைகளுக்கென ஒதுக்கி, திரையில் அதை மட்டும் காட்டுங்கள். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய பாடத்தை என்னால் கொடுக்க முடியாது.

கௌரவிப்பை நிகழ்ச்சிக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது முந்தைய நாள் வீட்டுக்குப் போய்ச் செய்யுங்கள். அவருக்கு நீங்கள் ஒதுக்கும் நாற்பது நிமிடங்களில் இருபதைப் பொன்னாடைகள் எடுத்துக்கொள்ளக் கூடாது. பேசிய தொகையை மேடையேறுமுன் கையில் கொடுங்கள். இந்த வயதில் பாக்கிப் பணத்துக்காகத் தொலைபேசியில் கெஞ்சவேண்டிய நிலை ஒருவருக்கும் வரக்கூடாது. பாட்டுகளை அவரே தெரிவு செய்யட்டும். 1975இல் வாசித்த வேகமான பாட்டை அனுசரணையாளர் விரும்புகிறார் என்பதற்காகப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவர் அதைப் பாதி வேகத்தில், வேறு சுருதியில் வாசிக்க விரும்பினால், அந்த வடிவத்தைக் கேட்கவே நாங்கள் சீட்டு வாங்கி வருகிறோம்.

எனவே அடுத்த நிகழ்ச்சிக்கான சுவரொட்டியை அச்சுக்குக் கொடுக்குமுன், அழைத்திருக்கும் மூத்த கலைஞரின் வீட்டுக்கு ஒருவரை அனுப்பி, எத்தனை மணிக்கு வாசிப்பது அவருக்கு வசதி, எவ்வளவு நேரம், எந்த உயரத்தில் கதிரை, யாருடைய ட்ரம்ஸ் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அந்தத் தாளின்படி நிகழ்ச்சியை அமையுங்கள். மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடியும் நிகழ்ச்சியென்றால் என் மாணவர்களையும் அவர்களுடைய பெற்றோரையும் அழைத்து வருவது என் பொறுப்பு. சீட்டுகளுக்கு முழு விலையும் தருவோம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு கிற்றார் ஆசிரியர்