டிரையல் சோதனையில் என் மகளுக்கும் ஒரு மேசை கொடுங்கள்

மலேசிய நாட்டின் பொதுத் தேர்வுகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

இந்த ஆண்டு பள்ளி வழியாக அல்லாமல் தனித் தேர்வராக, படிவம் 5 முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுதப்போகும் ஒரு பெண்ணின் தாய் நான். வீட்டிலேயே படித்த பிள்ளை. சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், நான் வீட்டில் துணி தைக்கிறேன். பக்கத்தில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில், எஸ்.பி.எம்.-க்கு முன் பள்ளியே நடத்தும் மாதிரித் தேர்வான டிரையல் சோதனைக்கு மட்டும் என் மகளை உட்கார விடுவார்களா என்று அண்மையில் கேட்கப் போனேன். இங்கே பதிந்த மாணவி இல்லையே, கல்வி அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். அலுவலகத்தில் கேட்டால், டிரையல் பள்ளியின் விஷயம், பள்ளியிலேயே கேளுங்கள் என்றார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். மரியாதையாகப் பேசியே அனுப்பிவிட்டார்கள்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். 2003 முதல் ஆரம்பக் கல்வி கட்டாயம். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ உண்டு. நாங்கள் சட்டத்துக்குத் தெரியாமல் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது அவளுக்குச் சிறுநீரக நோய் வந்தது. மருத்துவமனையும் வீடுமாக அலைந்த அந்தக் காலத்தில் கடிதங்களைக் கொடுத்து முறைப்படி விலக்கு வாங்கினோம். உடம்பு தேறியது. வீட்டுப் படிப்பு அவளுக்குப் பொருந்திப்போனது, அப்படியே தொடர்ந்தோம்.

ஆறாம் ஆண்டில் எழுதிய யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் ரத்தானது, படிவம் 3-இல் எழுதிய பி.டி.3 தேர்வு 2022-இல் ரத்தானது. சின்ன வயதிலேயே பிள்ளைகளைச் சோதனையால் வாட்டக் கூடாது என்பதில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் பள்ளியில் இருக்கும் பிள்ளைக்கு வகுப்பறை மதிப்பீடு இருக்கிறது, ஆண்டு இறுதிச் சோதனை இருக்கிறது, படிவம் 5-இல் டிரையல் இருக்கிறது. என் மகளுக்கு இதில் எதுவும் இல்லை. அவள் வாழ்க்கையில் உட்காரப்போகும் முதல் பெரிய சோதனையே எஸ்.பி.எம். தான். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. முன்பின் பார்க்காத மண்டபத்தில், முன்பின் தெரியாத கண்காணிப்பாளர் முன்னால், தேர்வு எண்ணை எழுதி, வட்டங்களைக் கருப்பாக்கி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுதுவது எப்படி என்பதை அவள் அன்றைக்குத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

மண்டபத்தைக்கூட விடுங்கள், அவள் தைரியசாலி. என் தூக்கத்தைக் கெடுப்பது வேறு. அவள் எழுதுவதைத் திருத்துவது நான். மதிப்பெண் போடுவதும் நான்.

படிவம் 4 வரலாற்றில், கம்யூனிஸ்டுகளை எதிர்த்து வெள்ளையர் ஆட்சி அறிவித்த அவசரகாலம் ஒரு பாடம். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரைமார்கள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டதிலிருந்துதான் அது தொடங்கியது. இவள் அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். பாடநூலில் இருப்பதோடு, அந்த நாளில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் யாரும் விளக்கு ஏற்றவில்லை என்று தன் பாட்டியின் அம்மா சொன்னதாகக் கேட்டதையும் சேர்த்திருந்தாள். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் சிவப்புப் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதற்கு எத்தனை மதிப்பெண்? பாட்டி கதையைத் தேர்வாளர் ஒரு கருத்தாக எடுத்துக்கொள்வாரா, கேள்விக்கு வெளியே போய்விட்டது என்று விட்டுவிடுவாரா? பாடநூலின் கருத்துகள் எத்தனை வந்தால் போதும்? பள்ளி ஆசிரியருக்குத் தெரியும். பிள்ளைகளின் தாள்களைக் கட்டுக்கட்டாகத் திருத்தியிருப்பார், சந்தேகம் வந்தால் பக்கத்து மேசை ஆசிரியரைக் கேட்பார். நான் என் மகளுக்குப் போடும் எழுபதும் நீங்கள் போடும் எழுபதும் ஒன்றுதானா என்று கேட்க எனக்கு ஆளில்லை. பழைய டிரையல் தாள்கள் இணையத்தில் கிடைக்கின்றன, எடுத்துப் பயிற்சி செய்கிறோம். தாளுக்குப் பஞ்சமில்லை. அவளை அறியாத ஓர் ஆசிரியர் அவள் விடைத்தாளை ஒருமுறை திருத்தித் தர வேண்டும், அதுதான் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பேச்சுத் தேர்வும் இப்படித்தான். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் பிள்ளைகள் இரண்டு இரண்டு பேராக உள்ளே போக வேண்டும். கடைசிப் பகுதியில் அந்த இருவரும் ஒரு தலைப்பைப் பற்றிக் கலந்து பேச வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் வகுப்புத் தோழர்களோடு பேசிப் பழகிவிட்டு வருகிறார்கள். இவளுக்கு ஜோடியாக உட்காருவது நான்தான். அவள் தடுமாறினால் என்ன சொல்ல வருகிறாள் என்று எனக்கு முன்பே தெரிந்துவிடும், எடுத்துக் கொடுத்துவிடுவேன். அன்றைக்குப் பக்கத்தில் உட்காரும் பிள்ளை எடுத்துக் கொடுக்குமா?

அதனால்தான் கேட்கிறேன்: தனித் தேர்வராகப் பதிந்த பிள்ளைகளை, அவர்கள் ஊர்ப் பள்ளியின் டிரையலில் உட்கார விடுங்கள்.

பட்டணத்தில் வசதி உள்ளவர்கள் வெளிநாட்டுத் தேர்வான ஐ.ஜி.சி.எஸ்.இ. பக்கம் போய்விடுகிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் கட்டணம் கட்ட எங்களால் ஆகாது. அது மட்டுமல்ல, இவள் இந்த நாட்டுச் சான்றிதழோடு, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிவம் 6-க்குப் போக ஆசைப்படுகிறாள். வீட்டில் படிப்பவர்கள் என்றாலே பள்ளியை வெறுப்பவர்கள், பணக்காரர்கள், அல்லது பிள்ளையைக் கவனிக்காதவர்கள் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. பள்ளி முகப்பில் என்னைப் பார்த்த பார்வையிலும் அது தெரிந்தது. கோவிட் வந்தபோது நாடு முழுக்கப் பிள்ளைகள் வீட்டிலிருந்துதான் படித்தார்கள். 2020-ஆம் ஆண்டின் எஸ்.பி.எம். தேர்வையே 2021 பிப்ரவரிக்குத் தள்ளிவைத்தீர்கள். வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளையின் சிரமம் அன்றைக்கு உங்களுக்குப் புரிந்தது. இன்றைக்கு ஏன் புரியாமல் போனது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் முன்னோர் ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில், 1923 தொழிலாளர் சட்டத்தில், ஒரு தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் நிர்வாகம் அங்கே பள்ளி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. பல தோட்டங்களில் அது வெறும் கொட்டகையாகத்தான் இருந்தது. ஆனாலும் பிள்ளைகளைக் கணக்கில் எடுத்தார்கள். என் மகளுக்காக நீங்கள் பள்ளி கட்ட வேண்டாம், ஆசிரியர் போட வேண்டாம். ஏற்கெனவே நடக்கிற சோதனைக்கு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு செட் கேள்வித்தாள். தாளுக்கும் திருத்துவதற்கும் கட்டணம் உண்டென்றால் கட்டுகிறேன். இதற்குக்கூட அவள் எந்தக் கணக்கிலும் வரவில்லை என்றால், தேர்வுக்குப் பதிந்தபோது கட்டணம் வாங்கிக்கொண்டது எந்தக் கணக்கில்?

மன்னிக்கவும், கொஞ்சம் சூடாகிவிட்டேன். பள்ளியைக் குறை சொல்ல மனமில்லை. சுற்றறிக்கை ஒன்று இருந்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள்வோம் என்று அங்கே ஒருவர் என்னிடம் சொன்னார். அனுமதி இல்லாமல் வெளிப்பிள்ளையை உள்ளே விட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். அந்தப் பயம் நியாயமானது. அதைத் தீர்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தனித் தேர்வர்கள் தங்கள் ஊர் இடைநிலைப்பள்ளியில் டிரையல் எழுதலாம், பேச்சுத் தேர்வுப் பயிற்சியிலும் சேரலாம், விடைத்தாளை அங்குள்ள ஆசிரியர்களே திருத்தித் தரலாம் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். இந்த ஆண்டு டிரையல் தொடங்குவதற்கு முன்பே அனுப்புங்கள். அடுத்த ஆண்டு வந்தால் மற்ற பிள்ளைகளுக்கு உதவும், என் மகளுக்கு உதவாது. அவளுடைய பதிவுச் சீட்டும் அடையாள அட்டை நகலும் தயாராக இருக்கின்றன. எந்தப் பள்ளியில், யாரிடம் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தனித் தேர்வரின் தாய்,
சுங்கை சிப்புட், பேராக்