படிப்பகத்தில் ஏசி நீர்க்கசிவால் பூசணம் பிடித்த தரைவிரிப்பை அகற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
அரசு படிப்பகத்தில் போட்டித் தேர்வுகளுக்குப் படித்துவரும் மாணவ, மாணவியர்,
மதுரை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
மதுரை.

பொருள்: ஏசி வடிகுழாயைச் சீரமைத்து, பூசணம் பிடித்த கார்ப்பெட்டை அகற்றித்தர வேண்டுதல் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஆட்சித் தலைவர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் ஊர்ப் படிப்பகக் கூடத்துக்கு ஏசி பொருத்தித் தந்தமைக்கு முதலில் நன்றி தெரிவித்துக்கொள்கிறோம். அந்த ஏசியின் உட்புறப் பெட்டியிலிருந்து கோடை முழுவதும் சுவர்வழியே ஒழுகிய நீர் கீழே விரித்துள்ள கார்ப்பெட்டில் இறங்கியது. இப்போது ஐப்பசி மழையின் ஈரக்காற்றும் சேர்ந்துகொள்ள, சுவரோரம் முழுவதும் கரும்பச்சையாகப் பூசணம் பூத்திருக்கிறது. கதவைத் திறந்ததுமே முக்கல் நாற்றம் அடிக்கிறது. பலருக்கு ஓயாத தும்மலும் கண் அரிப்பும் இருக்கின்றன. ஏற்கெனவே இழுப்பு உள்ளவர்கள் வருவதையே நிறுத்திவிட்டார்கள்.

பராமரிப்பாளரிடம் முறையிட்டபோது, பிளீச்சிங் பவுடரைத் தூவி, வாசனைத் திரவம் அடித்து, ஈரமான இடத்தின்மேல் பிளாஸ்டிக் பாய் ஒன்றை விரித்தார்கள். அக்கறையோடு செய்த வேலைதான் என்றாலும், பாய் அடியிலுள்ள ஈரத்தை வெளியேறவிடாமல் மூடிவைத்துப் பூசணத்துக்கு வசதி செய்து கொடுத்துவிட்டது. நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலராவிட்டால் அதில் பூசணம் பிடிக்கத் தொடங்கும் என்பதும், செத்த பூசணமும் ஒவ்வாமையைத் தரும் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்திகள். ஆகவே, மருந்து தெளித்துக் கொல்வதால் மட்டும் பயனில்லை. கார்ப்பெட்டின் அடியிலுள்ள ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சிவைத்துக்கொள்வதால், மேற்பரப்பு காய்ந்ததுபோல் தெரிந்தாலும் அடிப்பகுதி ஓதமாகவே இருக்கிறது. அதே சுவரில் தரையை ஒட்டி மின்சாரப் பிளக்குகளும் இருப்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

கார்ப்பெட்டை மாற்றினால் மட்டும் குறை தீராது. ஏசியின் குளிர்ந்த சுருள்களில் காற்றின் ஈரம் நீராகப் படிந்து, அடித்தட்டில் விழுந்து, குழாய்வழியே தானாக வெளியே வடிய வேண்டும். தூசும் பாசியும் குழாயை அடைத்தாலோ, குழாய் போதிய சரிவின்றி வளைந்திருந்தாலோ நீர் அறைக்குள்ளேயே வழியும். வடிகட்டி அழுக்கேறியிருந்தாலும், ஏசியைக் குளிரவைக்கும் வாயு குறைந்திருந்தாலும் சுருளில் பனிக்கட்டி கட்டி, ஏசியை நிறுத்தியதும் அது உருகிக் கொட்டும். இவற்றுள் எது காரணம் என்பதை ஏசி மெக்கானிக் ஒருவர் பார்த்தால்தான் தெரியும். அதுவரை ஏசியை நிறுத்திவைக்க எங்களுக்கு மறுப்பில்லை.

எனவே, முதலில் கசிவை நிறுத்தி, வடிகுழாயைச் சரியான சரிவில் கட்டடத்துக்கு வெளியே கொண்டுவிடவும், பிறகு கார்ப்பெட்டையும் ஸ்பாஞ்சையும் பாலித்தீன் தாளில் சுற்றி, முகக்கவசமும் கையுறையும் அணிந்த பணியாளர்களைக் கொண்டு அகற்றவும், தரையையும் சுவரின் அடிப்பகுதியையும் சோப்பு நீரால் கழுவி நன்கு உலரவிடவும், பிளக்குகளை மின்பணியாளரைக் கொண்டு சோதிக்கவும் சம்பந்தப்பட்ட துறையினருக்கு ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மீண்டும் கார்ப்பெட் விரிக்க வேண்டாம் என்பதும் எங்கள் விருப்பம். அடியில் நல்ல டைல்ஸ் தரை இருக்கிறது, துடைத்தால் போதும். மதுரையில் தரை குளிர்கிறதென்று இதுவரை யாரும் குறைப்பட்டதில்லை. வடிகட்டியைக் கழுவுவதையும் வடிகுழாயைச் சுத்தம் செய்வதையும் எப்போது, யார் செய்வது என்று ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கச் செய்தால் அடுத்த கோடையில் இதே மனுவோடு தங்களைத் தொந்தரவு செய்ய நேராது.

வேலை நடக்கும் நாட்களில் கூடத்தை மூட வேண்டியிருக்கும் என்பதை அறிவோம். தேர்வுக்காலம் நெருங்குவதால், வேலை முடியும்வரை அதே கட்டடத்தின் மாடியில் பூட்டிக் கிடக்கும் அறையை, மின்விசிறி மட்டும் இருந்தாலும் போதும், எங்களுக்குத் திறந்துவிட உத்தரவிடுமாறு வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
படிப்பக மாணவ, மாணவியர்.

இணைப்பு: கார்ப்பெட், ஏசி ஆகியவற்றின் புகைப்படங்கள், மாணவர்கள் கையொப்பப் பட்டியல்.