செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவருக்கும் உறுப்பினர் பெருமக்களுக்கும் வணக்கம்.

நவராத்திரி, பொங்கல், விளையாட்டு விழா மூன்றும் குறையின்றி நடந்தன. வரவு செலவு பொருளாளர் அறிக்கையில் உள்ளது. போரில் மாண்ட ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை நினைவுகூரும் அன்சாக் நாளில் (ஏப்ரல் 25) மெல்பர்னில் நடக்கும் அணிவகுப்பில் தாத்தாவின் பதக்கத்தோடு நடப்பது பற்றிப் பலர் கேட்டுவருவதால், இந்த அறிக்கையில் அதை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் வீரர்களுக்கு நட்சத்திரப் பதக்கங்களைப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்கோ பின்புறத்தில் படை எண், பதவி, பெயர், பிரிவு பொறித்தே வந்தன. ஆகவே வீட்டில் கிடக்கும் பதக்கமே முதல் ஆவணம். அதற்கு பாலிஷ் போடாதீர்கள். தேய்ந்த எழுத்து திரும்ப வராது. ‘ஆர்.ஐ.ஏ.எஸ்.சி.’ (ராயல் இந்தியன் ஆர்மி சர்வீஸ் கோர்) என்றிருந்தால் அது போக்குவரத்தும் ரேஷனும் கவனித்த பிரிவு. "லாரிதானே ஓட்டினார்" என்று சிலர் கூசுகிறார்கள். லாரியும் கோவேறு கழுதையும் போய்ச் சேராத இடத்தில் துப்பாக்கிக்கு வேலையில்லை.

காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையப் பட்டியலில் பெயர் இல்லை என்று மனம் உடைய வேண்டாம். அது இறந்தோர் பட்டியல். பிழைத்து ஊர் திரும்பியவர் அதில் இருக்கமாட்டார். மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர் என்றால் நீலகிரி வெலிங்டனில் உள்ள அதன் மையத்துக்குப் படை எண்ணோடு எழுதலாம். வெறும் பெயரை வைத்துத் தேடச் சொன்னால், எத்தனை முனுசாமிகள் இருப்பார்கள்!

உறவினரின் பதக்கம் வலது மார்பில்தான். இடது பக்கம் தானே ஈட்டியவருக்கு உரியது. முந்தானை இடது தோளில் இருப்பதால் புடவைக்கு இது தோது. ஆனால் நான்கு பதக்கங்களின் கனத்தை ரவிக்கைத் துணி தாங்காது, கிழியும். மேலே கோட் அணிந்து, உட்புறம் தடித்த கம்பளித் துண்டு வைத்துக் குத்துங்கள். 1939–45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர்ப் பதக்கம், இந்திய சேவைப் பதக்கம் என்ற வரிசை மாறக் கூடாது. நினைவின் அடையாளமாக அணியும் ரோஸ்மேரிக் கொத்து இடது பக்கம். விக்டோரியாவில் அன்று மதியம் 1 மணிவரை பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். ஊக்கு, தண்ணீர் எல்லாம் முதல் நாளே வாங்கிவிடுங்கள்.

நடப்பதைவிடக் காத்து நிற்பதுதான் களைப்பு. முதியவர்களுக்கு மடக்கு நாற்காலி தேவை. இடது காலில் தொடங்குங்கள். முன்னும் பின்னும் இரண்டு பேண்டு வாத்தியம் கேட்டால் அடி குழம்பும். முன்வரிசையின் காலைப் பார்த்து வையுங்கள். சிறு அடி வைப்பவர்களை முன்னால் விட்டால் இடைவெளி விழாது. வலப்புறம் பார்க்கும் கட்டளை வந்தால் வலது ஓரத்தில் நடப்பவர் மட்டும் நேரே பார்க்க வேண்டும். எல்லோரும் திரும்பினால் வரிசை கோணும்.

நேதாஜி படையில் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் விண்ணப்பித்திருந்தார்கள். தாத்தாக்கள் எதிர்த்துப் போரிட்ட படைகளின் வரிசையில் அவர்களைச் சேர்ப்பது அவர்களுக்கே மரியாதையாகாது என்று செயற்குழு கருதியது. போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ‘மரண ரயில்’ பாதை வேலையில் மாண்ட மலாயாத் தமிழர்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பதக்கமும் இல்லை, பெரும்பாலோருக்குக் கல்லறையும் இல்லை. அதே தண்டவாளத்தில்தான் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகளும் மடிந்தார்கள். இவர்களுக்காகத் தனி மலர்வளையம் வைக்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது.

சங்கத்தின் மாதிரிப் பதக்கச் செட்டுகளில் இரண்டு இன்னும் திரும்பவில்லை. எடுத்தவர்கள் கூட்டம் முடிவதற்குள் என்னிடம் சொல்லிவிடுங்கள்.

செயலாளர்